டாமி ஜான் என்றால் ஆபரேஷன் மட்டும்தானா?

பேஸ்பால் பார்க்கிறவர்களிடம் டாமி ஜான் என்று சொன்னால் முழங்கையைத் தொட்டுக் காட்டுவார்கள்; அது ஒரு முழங்கை ஆபரேஷனின் பெயராகிவிட்டது. ‘அந்த பிட்சருக்கு டாமி ஜான் பண்ணியாச்சு, இந்த சீசன் அவ்வளவுதான்’ என்பது அமெரிக்காவில் வாடிக்கையான செய்தி. அந்தப் பெயருக்குரியவர் 26 சீசன் பந்து வீசிய பிட்சர் என்பது யாருக்கு நினைவிருக்கிறது?

1974 ஜூலை 17. டாட்ஜர்ஸ் அணியில் தன் பெயரில் 13 வெற்றி, 3 தோல்வி (அணியின் வெற்றி தோல்வியை பிட்சர் கணக்கிலும் எழுதுவார்கள்) என்று அமர்க்களமாகப் போய்க்கொண்டிருந்த சீசன். மான்ட்ரியால் அணிக்கு எதிராக வீசும்போது இடது முழங்கைத் தசைநார் அறுந்தது. அந்தக் காலத்தில் அது நடந்தால் பிட்சர் மூட்டை கட்ட வேண்டியதுதான். டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் டாக்டரின் கணக்கே. அப்புறம் நரம்புக் கோளாறு, இன்னொரு ஆபரேஷன். 1975 முழுக்கப் போனது.

1976இல் திரும்பி வந்து 10 வெற்றி. 1977இல் 20. யாங்கீஸ் அணிக்கு மாறி 1979இல் 21, 1980இல் 22. வேகத்தால் மிரட்டுகிறவர் அல்ல. மட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் பந்து சட்டென்று கீழே இறங்கும். அடித்தவர் தரையோடு உருட்டிவிட்டுத் தலையைச் சொறிவார். மொத்தம் 288 வெற்றி, அதில் 164 ஆபரேஷனுக்குப் பிறகு!

இவரை ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது பேஸ்பால் சாதனையாளர்களின் கௌரவப் பட்டியலில், சேர்க்கவில்லை. 15 வருடம் பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் பெயர் இருந்தது. 75 சதவீதம் வேண்டிய இடத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. 300 வெற்றி என்றால் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டிருப்பார்கள். 12 குறைந்துவிட்டதாம். ஆபரேஷனால் போன அந்த 1975 என்ன கணக்கு?

‘நீண்ட காலம் ஆடினார், அவ்வளவுதான், உச்சம் தொட்டவர் இல்லை’ என்பார்கள். வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு இரண்டு முறை இரண்டாம் இடம் வந்தவரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. நீண்ட காலம் ஆடியது உண்மை, கடைசியில் தடுமாறியதும் உண்மை. 1988இல், 45 வயதில், அடிக்கப்பட்ட ஒரே பந்தில் அடுத்தடுத்து மூன்று பிழை செய்தார்: உருண்டு வந்த பந்தைத் தவறவிட்டு, முதல் பேஸுக்குக் கோணலாக எறிந்து, திரும்பி வந்த பந்தை நடுவில் பிடித்து ஹோம் (அடிப்பவர் நிற்கும் இடம்) பக்கம் எங்கோ வீசினார். யாங்கீஸ் அன்று 16-3 என்று ஜெயித்தது, அது வேறு கதை.

பெருமையெல்லாம் டாக்டருக்குத்தான் என்கிறவர்களும் உண்டு. சரி, ஜோப்பையும் சேருங்கள், அவரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கோத்துக் கட்டிய கையோடு 164 வெற்றியை எடுத்தவர் ஜான். முதலில் அவரைச் சேருங்கள்.