பனிசுக்குப் படிச்ச வேதம்

(இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஞாயிறு மத்தியானம். பீலிக்கரையில் லெட்சுமி துணி துவைத்துக்கொண்டிருக்கிறார். அதே லயத்து (தோட்ட வரிசை வீட்டு) ரோசலின் வாளியை வைத்து, அது நிறைந்து வழிந்த பிறகும் நகராமல் நிற்கிறார். பீலிக்கரையில் இப்படி ஒருவர் நின்றால் உள்ளே ஏதோ இரகசியம் முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.)

லெட்சுமி: என்னா ரோசு, வாளி ரொம்பி ஓடுது. காலையில பாஸ்டர் குடுத்த பிரசங்கம் இன்னும் மண்டையில ஓடுதோ?

ரோசலின்: (அக்கம்பக்கம் பார்த்து) அக்கா, நாளைக்கு அந்த சாஸ்திரக்காரர்கிட்ட போறீங்களாமே?

லெட்சுமி: ஆமா. மவளுக்கு எப்ப கல்யாணம் கூடிவரும்னு கேக்கணும். போன வருசம் தட்டுல 1000 ரூவா வச்சேன். கடல் தாண்டி மாப்பிள வரும்னான். இந்தா, கொத்மல ஓயாவக்கூட ஒருத்தனும் தாண்டி வரல.

ரோசலின்: அப்ப எம் மவனுக்கும் சேத்துக் கேட்டுட்டு வாங்கக்கா. கொரியாவுக்கு வேலைக்குப் போற பரீட்ச பாஸாவானான்னு. எம் பேர மட்டும் சொல்லிறாதீங்க. ஒங்க தம்பி மவன்னு சொல்லுங்க.

லெட்சுமி: அடியே! சவுல் ராசா மாதிரி முக்காடு போட்டுக்கிட்டு குறி கேக்கப் பாக்குறியா?

ரோசலின்: எந்த ராசா?

லெட்சுமி: அது சரி. கோயில்ல முன் பெஞ்சு யாருக்கு, ஒனக்கா எனக்கா?

ரோசலின்: நீங்க எங்கக்கா பைபிள் படிச்சீங்க?

லெட்சுமி: சின்னதுல ஞாயிறு பள்ளிக்கூடம் போனேன். முடிஞ்சதும் சாப்பிட பனிஸ் குடுப்பாங்க. கத சரியா சொன்னா ரெண்டு பனிஸ். நான் எல்லாத்தயும் சரியா சொல்லுவேன்.

ரோசலின்: சரி, அந்த ராசாவுக்கு என்னா?

லெட்சுமி: எதிரி பெலிஸ்தரோட சண்ட. நாளைக்கு என்னா ஆவும்னு சாமிகிட்ட கேக்குறாரு. கனவுலயும் பதில் இல்ல, தீர்க்கதரிசிங்க மூலமாவும் இல்ல. மனுசனுக்குப் பொறுக்கல. நாட்டுல குறி சொல்றவங்கள எல்லாம் தொரத்துனதே அவருதான். இப்ப அவரே வேசம் மாத்திக்கிட்டு, ராத்திரியோட ராத்திரியா எந்தோருல ஒரு பொம்பளயத் தேடிப் போறாரு.

ரோசலின்: அது என்னா சொன்னிச்சு?

லெட்சுமி: தீர்க்கதரிசி சாமுவேல எழுப்பிவுட்டிச்சு. அவரு, "நாளைக்கு நீயும் ஒம் மவனுங்களும் என்னோட இருப்பீங்க"ன்னுட்டாரு.

ரோசலின்: அப்பாடி. நல்லதுதானக்கா?

லெட்சுமி: எது நல்லது? சாமுவேல் செத்தவருடி!

ரோசலின்: (வாளியைக் கீழே வைத்து) ஐயய்யோ.

லெட்சுமி: ராசா நெடுஞ்சாண்கிடையா வுழுந்தவருதான். சோறு எறங்கல. கடைசியில குறி சொன்ன பொம்பளயே பாவம் பாத்து, கன்னுக்குட்டிய அடிச்சி, ரொட்டி சுட்டு, கெஞ்சி சாப்பிட வச்சிச்சு. நாளையத் தெரிஞ்சிக்கிட்டதுல அவருக்குக் கெடச்சது அந்த ஒரு வேள சாப்பாடுதான். சண்டைக்குப் போனாரு, செத்தாரு.

ரோசலின்: அது பழைய ஏற்பாடுக்கா.

லெட்சுமி: புதுசுலயும் இருக்கே. பிலிப்பியில ஒரு அடிமப் புள்ள குறி சொல்லி எசமானுங்களுக்குச் சம்பாரிச்சுக் குடுத்திச்சு. இயேசுவப் பத்திப் பிரசங்கம் பண்ணப் போன பவுலப் பத்தி அது சொன்னது உண்ம. அப்பவும் அந்த ஆவிய பவுல் தொரத்திப்புட்டாரு. வருமானம் போச்சேன்னு எசமானுங்க அவரப் புடிச்சி உள்ள போட வச்சாங்க. பொய்யாச் சொன்னாத்தான் தப்புன்னு இல்ல, பாத்துக்க.

ரோசலின்: நான் என்னா வேணும்னா கேக்குறேன்? மூணு வாரமா ஜெபம் பண்றேன். பதிலே இல்ல.

லெட்சுமி: வருசப் பொறப்பு ராத்திரி கோயில்ல ஒரு வசன அட்ட எடுப்பீங்களே, அதுல என்னா வந்துச்சு?

ரோசலின்: வாக்குத்தத்தமா? "பூமியின் உயர்ந்த இடங்களில் ஏறியிருக்கும்படி" பண்ணுவேன்னு வந்துச்சு.

லெட்சுமி: நாம இருக்குறதே 4000 அடிக்கு மேல. இன்னும் எங்க ஏத்துறது? கொழுந்துக் கூடையோட ஏறி ஏறி முட்டி தேஞ்சதுதான் மிச்சம்.

ரோசலின்: (குரலைத் தாழ்த்தி) அது ரெண்டாவது அட்டக்கா.

லெட்சுமி: மொதலாவது?

ரோசலின்: "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு." டக்குன்னு மடிச்சி உள்ள போட்டுட்டு வேற எடுத்தேன்.

லெட்சுமி: (சிரித்துச் சிரித்து கல்லில் உட்கார்ந்துவிடுகிறார்) அடிப்பாவி! அதுக்கடுத்து "ஆனாலும் திடன்கொள்ளுங்கள்"னு இருக்கே, அதயாவது வாசிச்சியா?

ரோசலின்: உபத்திரவத்தோட நிப்பாட்டிட்டேன். எம் மேலயே குத்தம் சொல்லாதீங்க. மழ வரும், மண்சரிவு வரும்னு ரேடியோவுல சொல்றாங்களே, அதுவும் நாளைக்கு நடக்கப்போறதுதான?

லெட்சுமி: அவங்க மண்ணயும் மழையயும் அளந்து சொல்றாங்க. சொல்றது நாம எந்திரிச்சு ஓடணும்னு. 2014ல மீரியாபெத்த மண்சரிவுல என்னா நடந்துச்சு? எடம் ஆபத்துன்னு முன்னாடியே சொல்லித்தான் இருந்தாங்க. பாதுகாப்பான எடத்துல வீடு கட்டிக் குடுத்து அனுப்ப வேண்டியவங்க அனுப்பல.

(இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் போதும்.)

லெட்சுமி: ஒங்க தீர்க்கதரிசிங்களும் அந்த மாதிரிதான். யோனா நினிவேக்குப் போயி 40 நாள்ல ஊரு கவுந்துரும்னாரு. சனங்க பயந்து திருந்திருச்சு, ஊரு தப்பிச்சிருச்சு. சொன்னது பலிக்கலன்னு வெயில்ல போயி கோச்சுக்கிட்டு உக்காந்தாரு மனுசன். நம்மாளு பலிக்கலன்னா கோச்சுக்கவே மாட்டான். இன்னொரு 1000 ரூவா கேப்பான்.

ரோசலின்: 1000 ரூவா நாள் சம்பளம் தீவாளிக்கு வரும், பொங்கலுக்கு வரும்னு நம்ம தலைவர்மாரு சொன்னாங்களே, அத விடவா?

லெட்சுமி: வந்தது 2021ல. அத எந்த சாஸ்திரக்காரனும் சொல்லல.

ரோசலின்: இவ்வளவு தெரிஞ்சிக்கிட்டு நீங்க ஏங்கா போறீங்க?

லெட்சுமி: எங்க சாமி வேணாம்னு சொல்லல. அதோட, பஸ்சுல போயி, டவுன்ல தோச சாப்பிட்டு வர ஒரு சாட்டு வேணும்ல. ஒனக்கு அப்புடியில்ல. "காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல"ன்னு இயேசு சீசப்புள்ளைங்களுக்கே சொல்லிட்டாரு. பக்கத்துலயே இருந்தவங்களுக்கே சொல்லாதத, தலவாக்கல ஆளு ஒனக்குச் சொல்லுவானா? தட்டுல போடுற காசுக்கு போனுக்கு ரீலோட் போட்டு ஒம் மவன்கிட்டயே கேளேன்.

(ரோசலின் யோசிக்கிறார். சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று போனைக் காதில் வைக்கிறார்.)

ரோசலின்: தம்பி, அம்மா பேசுறேன். சாப்பிட்டியா? பரீட்ச எப்ப? என்னாது, முடிஞ்சிருச்சா? பெயிலா! ஏன்டா சொல்லல? சரி சரி, அழுவாத... அழுவலயா? பெறகு ஏன் மென்னு முழுங்குற? யாரு? எப்ப இருந்து? (நீண்ட மௌனம்) இங்கதான் நிக்கிறாங்க. நானே சொல்லிக்கிறேன்.

லெட்சுமி: என்னாடி?

ரோசலின்: கல்யாணம் கட்டப் போறானாம்.

லெட்சுமி: நல்ல சேதிதான! பொண்ணு எந்த ஊரு?

ரோசலின்: நம்ம லயம். ஆறாம் நம்பர் காம்பரா.

லெட்சுமி: ஆறாம் நம்பர்ல எங்கடி வயசுப் பொண்ணு, எம் மவ ஒருத்திதான்...

(சவுக்காரம் கையிலிருந்து நழுவி வடிகால் கானோடு போகிறது.)

ரோசலின்: கோவிச்சுக்காதீங்கக்கா. இல்ல, இனி சம்மந்தின்னு கூப்புடணுமோ?

லெட்சுமி: இரு இரு. அப்ப கடலு?

ரோசலின்: அதான் பெயிலாச்சே. கொழும்புல, வெள்ளவத்தையில துணிக்கடயில நிக்கிறான். கடத்தெருவத் தாண்டி எறங்குனா கடல் கண்ணுக்குத் தெரியுமாம். தாண்டத் தேவையில்ல.

லெட்சுமி: நாளைக்கு நீயும் வா. போன வருசத்து 1000 ரூவாயத் திருப்பிக் கேப்போம். முக்காடெல்லாம் வேணாம்.