லைட் பார் இருக்கு, லோ ரேஞ்ச் இருக்கா?

"ஆஃப்ரோடுக்கு ஃபுல் ரெடி. எடுத்த கையோட காட்டுக்குள்ள விடலாம்."

மண் ரோட்டுல சுத்துறதுக்குன்னு பழைய எஸ்யூவியோ பிக்கப்போ தேடுற யாரும் இந்த வரிக்குத் தப்ப முடியாது. போட்டோவைத் திறந்தா கூரை மேல லைட் பார், பக்கத்துல ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்துல இருந்து காத்து இழுக்கிற குழாய்), முன்னாடி இரும்பு பம்பர், பின்னாடி ஏணி, கதவுல மலை படம் போட்ட ஸ்டிக்கர். விலை மட்டும் அதே வருஷத்து சாதா வண்டியைவிட ஒரு படி மேல. ஏன்னு கேட்டா, "சார், ஆக்சசரீஸுக்கே எவ்வளவு கொட்டியிருக்கேன் தெரியுமா?"ன்னு பதில் வருது. நீ ஆசைப்பட்டுக் கொட்டினதுக்கு நான் ஏன்யா மொய் எழுதணும்? அலங்காரக் கொண்டையாம், உள்ளே ஈரும் பேனுமாம்னு சும்மாவா சொன்னாங்க.

இந்த 'ரெடி' வண்டிகள்ல பாதிக்கு மேல, கம்பெனியில இருந்து வந்த நல்ல வண்டியைக் கெடுத்து வெச்சதுதான். கெடுத்ததுக்குக் கூடுதல் காசும் கேக்குறாங்க. அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

முதல்ல அந்த லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்த மாட்டுற சாமான். வண்டி தூக்கி நிக்குது, பார்க்க கம்பீரமா இருக்கு, சரி. ஆனா ரெண்டு பக்க வீலையும் ஒரே அச்சு இணைக்கிற சாலிட் ஆக்சில் வண்டியில சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும், வீலுக்கு பவரைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்துலதான் இருக்கும். பாதையில கல்லுல இடிக்கப் போறதே அதுதான். அதைத் தூக்க ஒரே வழி பெரிய டயர். அதுலயும் டயர் விட்டம் 2 அங்குலம் கூடினா அடியில கிடைக்கிறது 1 அங்குலம்தான். முன்பக்கம் ஒவ்வொரு வீலும் தனித்தனியா ஏறி இறங்குற இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டியில கதை இன்னும் மோசம். ஸ்பிரிங் மேல ஒரு ஸ்பேசரைச் சொருகித் தூக்கிடுவாங்க. டிரைவ் ஷாஃப்ட் சரிஞ்ச கோணத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும். ஷாஃப்ட்டைக் கோணத்துல சுத்த விடுற சிவி ஜாயின்ட்டோட ரப்பர் உறை (பூட்) மடிப்பு மடிப்பா தேய்ஞ்சு கிழியும். கிழிஞ்சதான்னு பார்க்க பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு வெச்சு, முன் வீலோட உள்பக்கம் டார்ச் அடிங்க. ரிம்மோட உள்வளையத்துல கறுப்பா கிரீஸ் சிதறி, அதுமேல புழுதி ஒட்டியிருந்தா பூட் போயிடுச்சு. கிரீஸ் வெளிய போன வழியா மண்ணு உள்ள போகும், கொஞ்ச நாள்ல திருப்பத்துல கடக் கடக்னு சத்தம் வரும். இதைத்தான் 'அப்கிரேடு'ன்னு விக்கிறாங்க. நியாயமா சொல்லணும்னா, நல்ல ஸ்பிரிங், நல்ல ஷாக் அப்சார்பர் போட்டு, அலைன்மென்ட் சரி பண்ணி, பிரேக் ஹோஸ் நீளம் வரைக்கும் பார்த்துச் செஞ்ச லிஃப்ட்டும் உண்டு. மேடு ஏறும்போது மூக்கு இடிக்காம இருக்க அது உதவும். அப்படிச் செஞ்சவரு அந்த வண்டியை விக்க மாட்டாரு, அதான் பிரச்சனை.

பெரிய டயர் போட்டா இன்னொரு கூத்து. டயர் சுற்றளவு 10 சதவீதம் கூடினா மீட்டரைத் திருத்தாத வரைக்கும் அது கம்மியாத்தான் காட்டும். அந்த டயர்லயே ஓட்டி மீட்டர் 1,00,000 கிலோமீட்டர் காட்டினா உண்மையில வண்டி ஓடினது 1,10,000. மீட்டரைத் திருப்பி வைக்கிற திருட்டு தனி. இது திருடாமலே கிடைக்கிற தள்ளுபடி, அதுவும் விக்கிறவனுக்கு. "டயர் புதுசு சார், பட்டன் பாருங்க"ன்னு வேற சொல்லுவாங்க. பட்டனை, அதாவது ரோட்டுல படுற ரப்பர் கட்டைகளை, நான் ஏன் பார்க்கணும்? டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி 4 எண்ணைப் பார்த்தா போதும். 2314ன்னு இருந்தா 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் முழுசா இருக்கும், பக்கச் சுவர்ல வெடிப்பு ஓடியிருக்கும். கல்லு கிழிக்கிறது அந்தப் பக்கச் சுவரைத்தான்.

ஸ்நார்க்கலைப் பத்திப் பேசவே வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டி வரைக்கும் ஒவ்வொரு இணைப்பும் தண்ணி புகாம அடைச்சிருந்தாத்தான் அது ஸ்நார்க்கல், இல்லன்னா வெறும் பிளாஸ்டிக் குழாய். அப்படியே அடைச்சிருந்தாலும், ஆக்சிலுக்குள்ள காத்து போய் வர்ற பிரீதர் குழாயோட வாய் கீழயே இருந்தா ஆத்துல இறங்கும்போது சூடான டிஃபரன்ஷியல் சட்டுனு குளிர்ந்து தண்ணியை உள்ள இழுத்துக்கும். ஆயில் வெளுத்துப் பால் கலந்த மாதிரி ஆகும். லெவல் பார்க்கிற போல்ட்டைக் கழட்டி விரலை விட்டுப் பார்த்தாலே தெரிஞ்சிடும். கழட்ட விடணுமே! "அதெல்லாம் கம்பெனி சீல் சார், தொடக்கூடாது"ன்னு ஒருத்தர் என்கிட்ட முகத்துக்கு நேராச் சொன்னாரு. ஆயில் மாத்துறதுக்குன்னே வெச்சிருக்கிற போல்ட்டுக்கு சீலாம்!

உண்மையான கோபம் வர்ற இடம் இதுதான்: வண்டிக்கு அடியில படுத்துப் பார்க்கணும்னு சொன்ன உடனே முகம் மாறுது பாருங்க. அதுவரைக்கும் 'சார் சார்'னவங்க திடீர்னு "நம்பிக்கை இல்லன்னா விடுங்க"ங்கிறாங்க. பாட்டு சிஸ்டத்தைப் போட்டுக் காட்டுறாங்க, லைட் பாரை எரியவிட்டுக் கண்ணைக் கூச வைக்கிறாங்க, சேஸிஸைக் காட்டச் சொன்னா மட்டும் தன்மானம் வந்துடுது. மீறிப் படுத்தா, அடி முழுக்கப் பளபளன்னு புதுக் கறுப்பு பெயின்ட். சேஸிஸுக்கு மட்டும் அடிச்சிருந்தா பராமரிப்புன்னு நம்பலாம். ரப்பர் புஷ் மேல, பிரேக் ஹோஸ் மேல, கிரீஸ் நிப்பிள் மேலன்னு எல்லாத்துலயும் ஒரே பூச்சு. அது துருவைப் பூசி மெழுகுற வேலை. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிக்கிட்டே போனா நல்ல இரும்பு ணங்குன்னு கேட்கும். பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டுற இடத்துக்கிட்ட வந்ததும் சத்தம் பொத்துன்னு அடங்கும், பெயின்ட் செதில் செதிலா உதிரும். ஏதோ நான் மிகையா பயப்படுறேன்னு நினைக்க வேண்டாம். டகோமா, டுன்ட்ரா பிக்கப்புகளோட சேஸிஸ் துருப்பிடிச்ச வழக்குல டொயோட்டாவே 2016ல அமெரிக்காவுல சமரசத்துக்கு வந்து, மோசமான சேஸிஸ்களை மாத்தித் தர ஒத்துக்கிச்சு. எஞ்சின் சாகாதுன்னு பேரெடுத்த வண்டிக்கே சேஸிஸ்தான் காலை வாருச்சு. எஞ்சினை இறக்கி ஏத்தலாம். சேஸிஸ் போனா எதுல ஏத்துறது?

அடுத்தது அந்த 4x4 ஸ்டிக்கர். டூ வீல் டிரைவ் மாடலை வாங்கி, அதுல 4x4ன்னு எழுத்து ஒட்டி விக்கிறதைக் கண்ணால பார்த்திருக்கேன். உள்ள, பவரை முன் வீலுக்கும் பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸோட லீவரும் இல்ல, திருப்புற குமிழும் இல்ல, கீழ முன் டிஃபரன்ஷியலே இல்ல. இன்னொரு கூட்டம், ஆல் வீல் டிரைவ் கிராஸ்ஓவரைக் காட்டி "ரெண்டும் ஒண்ணுதான் சார்"ங்கும். எப்படி ஒண்ணு? வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கூட்டுற கியரான லோ ரேஞ்ச் போட்டா பெரும்பாலான வண்டியில வீலுக்குப் போற முறுக்குவிசை 2 மடங்கு அளவுக்காவது கூடும், ஜீப் ராங்லர் ரூபிகான்ல 4 மடங்கு. செங்குத்தான இறக்கத்துல பிரேக்கை மிதிக்காம எஞ்சினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தி இறக்கும். கிராஸ்ஓவர்ல பின் வீலுக்கு பவர் அனுப்புற கிளட்ச் ஆழமான மணல்ல கொஞ்ச நேரம் திணறினா சூடாகி, கும்பிடு போட்டு விலகிக்கும். நல்ல மண் ரோட்டுக்கு கிராஸ்ஓவர் தாராளமாப் போதும், அதையும் சொல்லிடறேன். அதை அதுவா விக்க வேண்டியதுதானே?

சரி, உண்மையான 4x4ஏ கிடைச்சாலும் ஓட்டிக் காட்டுறது எங்க? தார் ரோட்டுல. லீவரைத் தள்ளுவாங்க, டேஷ்போர்டுல விளக்கு எரியும், "வேலை செய்யுது பாத்தீங்களா?" விளக்கு எரிஞ்சா பல்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். வேணும்போது மட்டும் 4 வீலையும் இணைக்கிற பார்ட் டைம் 4x4ஐக் காஞ்ச தார் ரோட்டுல போட்டுத் திருப்பவும் கூடாது, முன்னும் பின்னும் இழுத்துப் பிடிச்சு கியரெல்லாம் இறுகும். ஜல்லியோ மண்ணோ இருக்கிற இடத்துக்குக் கொண்டு போங்க, 4 லோல (4 வீலும் லோ ரேஞ்சும்) போட்டு முன்ன பின்ன நகர்த்துவோம்னா, "வண்டி அழுக்காயிடும் சார்." காட்டுக்குள்ள விடலாம்னு விளம்பரம் போட்ட அதே வண்டி!

நடுவுல இந்த ஆலோசனை மன்னர்கள் வேற. லேடர் ஃபிரேம், அதாவது ஏணி மாதிரி தனி சேஸிஸ், இல்லன்னா வண்டியே இல்லையாம். 1999ல வந்த மூணாம் தலைமுறை பஜேரோ மோனோகாக் (தனி சேஸிஸ் இல்லாம பாடியே தாங்குறது), 2020 டிஃபெண்டரும் மோனோகாக், ரெண்டும் போகாத இடமா? பெருசா எடு, வி8 எடுன்னு உசுப்பேத்துறவங்க, ரெண்டு பாறைக்கு நடுவுல ரெண்டரை டன் வண்டி சிக்கினா வந்து தள்ளுவாங்களா? 1.1 டன் ஜிம்னி அந்த இடுக்குல நுழைஞ்சு போயிட்டே இருக்கும்.

எனக்கு வேண்டியது ரொம்ப சாதாரணமான வண்டி. கம்பெனி உயரம், கம்பெனி அளவு டயர், ஒயரை வெட்டி ஒட்டாத எலக்ட்ரிகல், சர்வீஸ் பில்லை ஒழுங்கா அடுக்கி வெச்ச ஒரு சலிப்பான ஓனர். அப்படி ஒண்ணு விற்பனைக்கு வந்தா மறுநாளே யாரோ வியாபாரி தூக்கிடறான். அடுத்த மாசம் அதே வண்டி லைட் பாரும் ஸ்டிக்கரும் மாட்டிக்கிட்டு, ஏத்தின விலையில மறுபடி வந்து நிக்குது. அந்த ஏணியில ஏறி எதைப் பறிக்கப் போறாங்களோ, எனக்கு இன்னும் புரியல.

உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது மாட்டாத, தூக்காத, பூசாத வண்டியை விக்கிறாங்கன்னா சொல்லுங்க. ஆனா ஒரு கோணிச் சாக்கை விரிச்சு அரை மணி நேரம் அடியில படுக்க விடுவாங்களான்னு கேட்டுட்டு சொல்லுங்க.