பிளென்ஹைமின் வேகம்: 1935 வேறு, 1940 வேறு

"பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தை எந்தச் சண்டை விமானத்தாலும் துரத்திப் பிடிக்க முடியவில்லை, அதனால் போரில் இழப்பு குறைவு" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதல் பாதி 1935-க்குப் பொருந்தும், அதுவும் பிளென்ஹைமுக்கு அல்ல, அதன் முன்னோடி விமானத்துக்கு. பத்திரிகை அதிபர் ராதர்மியர் பிரபு தன் சொந்தப் பயணத்துக்காக பிரிஸ்டல் கம்பெனியிடம் செய்யச் சொன்ன விமானம் அது. மணிக்கு 307 மைல் தொட்டு, அன்றைய பிரிட்டிஷ் சண்டை விமானங்களையே வெட்கப்பட வைத்தது.

அதைப் படைக்கு ஏற்றபடி மாற்றியபோது குண்டு அறைக்கு இடம்விட இறக்கையை மேலே தூக்கினார்கள். துப்பாக்கிக் கூண்டு, குண்டுகள் என்று எடை ஏறியது. இப்படி உருவான பிளென்ஹைமில், போர்க்காலத்தில் பரவலாகப் பறந்த நான்காம் வகையின் உச்ச வேகம் சுமார் 266 மைல்தான். 1940-இல் எதிரே வந்த ஜெர்மன் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 அதைவிட 80 மைலாவது கூடுதல் வேகம்.

இழப்பு குறைவா? 1940 மே 17 அன்று பெல்ஜியத்தின் ஜெம்புளூவுக்கு பிரிட்டிஷ் விமானப்படையின் 82-ஆம் ஸ்குவாட்ரனின் 12 பிளென்ஹைம்கள் போயின. திரும்பியது ஒன்றே ஒன்று. நம் பக்கத்துக் கடலிலும் இதே கதைதான்: 1942 ஏப்ரல் 9 அன்று இலங்கையிலிருந்து கிளம்பி ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கிய ஒன்பதில் ஐந்து வீழ்ந்தன. குண்டு ஒன்றும் கப்பலில் படவில்லை. ஆனால் துணிச்சலில் குறை சொல்ல முடியாது, அது வேறு விஷயம்.

எவராலும் பிடிக்க முடியாத வேகம் என்ற பெயர், பின்னால் வந்த பிரிட்டிஷ் விமானமான மாஸ்கிட்டோவுக்குத்தான் ஓரளவு பொருந்தும். இரண்டையும் குழப்பிக்கொண்டீர்களோ என்னவோ.