பெரிய உடம்புக்குக் கேமரா பை: முதலில் இடுப்பு பெல்ட்டைப் பாருங்கள்

கேமரா பை எது வாங்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் பதில் பையின் கொள்ளளவைப் பற்றியே வருகிறது. இத்தனை லிட்டர், இரண்டு பாடி போகும், நாலு லென்ஸ் போகும், லேப்டாப்புக்குத் தனி அறை, மழைக்கு உறை. அதைச் சுமக்கப் போகிறவரின் இடுப்பு எத்தனை அங்குலம் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் 48 அங்குல இடுப்புக்காரன். கல்யாணப் படம் தொழில், பறவைப் படம் ஆசை. இரண்டுக்கும் பை சுமந்ததில் எனக்கு உறுதிப்பட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய உடம்புக்காரர் பை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இடுப்பு பெல்ட். கேமரா எத்தனை போகும் என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் படம் எடுக்க நடை அதிகம். தனுஷ்கோடிக்கு அப்பால், நிலம் முடியும் அரிச்சல்முனை வரைக்கும் இப்போது தார்ச்சாலை இருக்கிறது, சரி. ஆனால் தை, மாசியில் பூநாரைகள் நமக்காகச் சாலையோரத்தில் வந்து நிற்பதில்லை. தண்ணீர் தேங்கிய சேற்றுப் பரப்பில் நன்றாகத் தள்ளி நிற்கும். 2025இல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். அறிவிக்காவிட்டாலும் கிட்டப் போய் அவற்றைக் கலைக்கக் கூடாது. தூரத்தில் நின்று எடுக்க நீள லென்ஸ் வேண்டும், நீள லென்ஸ் என்றால் எடை. நிக்கான் 200-500 லென்ஸ் மட்டும், டிரைபாடில் மாட்டும் வளையத்தோடு, 2.3 கிலோ. பாடி ஒரு கிலோவுக்குப் பக்கம். டிரைபாட் 2 கிலோ. அங்கே ஒதுங்க நிழல் கிடையாது, 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும், அது 2 கிலோ. வெறும் பையே 2 கிலோ வரும். சின்ன லென்ஸ் ஒன்று, பேட்டரி, துண்டு, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் சேர்ந்தால் 10 கிலோவைத் தொட்டுவிடும். கண்மாய்ப் பக்கம் போனாலும் இதே பாரம்தான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 2022இல் ராம்சார் பட்டியலுக்கு, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலுக்குப் போயின. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் போயின. பட்டியலில் சேர்ந்தாலும் கரைமேல் வெயிலில் நடக்கிற நடை குறையவில்லை.

இந்த 10 கிலோவும் தோளிலேயே இறங்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும், மறுநாள் கையைத் தூக்க முடியாது. நன்றாகச் செய்த பை பாரத்தின் பெரும்பகுதியை இடுப்பெலும்பில் உட்கார வைக்கும். தோள் பட்டைகளின் வேலை, பை பின்பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வது. ஆக, பெல்ட் பூட்டவில்லை என்றால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பையாக இருந்தாலும் அதன் பாதி வேலை நடக்காது. நம் உடம்பின் எடையையே முழங்காலும் முதுகும் ஏற்கெனவே சுமக்கின்றன. மேலே ஏறும் பாரம் சரியான இடத்தில் உட்கார வேண்டிய தேவை ஒல்லியானவரைவிட நமக்குத்தான் அதிகம்.

மதுரையில் ஒரு கடையில், "அண்ணே, நம்மகிட்ட இருக்கறதுலயே பெரிய பை இதுதான்" என்று ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார் அங்கிருந்த தம்பி. பை பெரிதுதான். பெல்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. "பெல்ட்டெல்லாம் யாருண்ணே போடுறா, உள்ள மடிச்சு விட்ருங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லிட்டர் கூடினால் பெல்ட்டும் கூடும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. பெட்டியின் மேல் லிட்டரைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், பெல்ட் எத்தனை அங்குலத்திலிருந்து எத்தனை அங்குலம் வரை பூட்டும் என்பதையும் போட வேண்டும். மலையேற்றப் பை செய்கிறவர்கள் பலர் போடுகிறார்கள். கேமரா பைக்காரர்களும் போட்டால் என்ன?

"கொஞ்சம் இளைச்சீங்கன்னா எல்லாப் பையும் சரியா இருக்கும்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்பதே இல்லை. சட்டை தைக்கப் போனால் தையல்காரர் டேப்பை எடுத்து அளக்கிறார், இளைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவதில்லை. எடை குறைப்பது அவரவரும் அவரவர் மருத்துவரும் பேசிக்கொள்ள வேண்டியது. பறவை இந்த மாசிக்கு வருகிறது, இன்றைக்கு இருக்கும் உடம்போடுதான் அதைப் பார்க்கப் போகிறோம். இந்த ஒரு பேச்சைக் கேட்டுக் கேட்டே கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெல்ட்டின் நீளம் என்பதில் இரண்டு சங்கதி உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். பஞ்சு வைத்த அகலமான பகுதி ஒன்று. அதன் நுனியிலிருந்து கிளிப் வரை வரும் வெறும் நாடா இன்னொன்று. பாரம் தாங்குவது பஞ்சுப் பகுதி. அது முதுகிலிருந்து இரண்டு பக்கமும் சுற்றி வந்து, இடுப்பெலும்பின் முன்முனையைத் தாண்டிக் கொஞ்சமாவது முன்னால் நிற்க வேண்டும். 32 அங்குலக்காரரை மனதில் வைத்துச் செய்த பெல்ட்டில் அந்தப் பஞ்சு நமக்குப் பக்கவாட்டிலேயே முடிந்துவிடும். மீதி தூரம் முழுக்க ஓர் அங்குல அகல நாடாதான். 10 கிலோவையும் அந்த நாடா வயிற்றுச் சதையில் பதித்து இழுக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும், அதில் வியர்வை பட்டால் எரியும். நாடாவை நீட்டிக்கும் எக்ஸ்டென்ஷன் துண்டு தனியாகக் கிடைக்கிறது. ஓரிரு அங்குலம் குறைந்தால் அது போதும். ஒரு சாண் குறைகிற இடத்தில் அதைப் போட்டால் பெல்ட் பூட்டும், பாரம் தாங்காது. வாங்குவதானால் உங்கள் பையின் கிளிப்பையும் கையோடு கொண்டு போங்கள். ஒரு கம்பெனி கிளிப் இன்னொரு கம்பெனி கிளிப்போடு பெரும்பாலும் சேராது.

அளவு எடுப்பது சுலபம். தையல் டேப் போதும். விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் அழுத்தித் தடவினால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். அந்த இடத்தில், உடுத்தியிருக்கும் துணியோடு, மூச்சை இழுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். பேன்ட் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். என் பேன்ட் 44, இந்த இடத்தில் அளந்தால் 48. கம்பெனிக்காரர்கள் சென்டிமீட்டரில் போட்டிருந்தால் அங்குலத்தை 2.54ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 48 அங்குலம் 122 சென்டிமீட்டர். தொப்பை உள்ளவர்கள் பெல்ட்டைத் தொப்பையின் நடுவே கட்டக் கூடாது. பின்னால் எலும்பின் மேல் இருந்து, முன்னால் சாய்வாக இறங்கி, கிளிப் தொப்பைக்குக் கீழே பூட்டினால் மூச்சும் முட்டாது, குனியவும் முடியும்.

அப்புறம் முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கும். அங்கிருந்து, இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்தால் கட்டைவிரல்கள் முதுகுத்தண்டில் சந்திக்கும் இடம் வரைக்கும் உள்ள தூரம்தான் முதுகு நீளம். எனக்கு 18 அங்குலம், அதாவது நடுத்தரம். ஆள் பெரிது, அதனால் எக்ஸ்எல் எடு என்று சொல்வது தவறு. சுற்றளவுக்கும் முதுகு நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. நல்ல பருமனான ஆளுக்கு முதுகு குட்டையாக இருக்கலாம், தென்னை மாதிரி ஒல்லியாக நிற்பவருக்கு நீளமாக இருக்கலாம். கேமரா பைகளில் பெரும்பாலானவை ஒரே முதுகு நீளத்தில்தான் வருகின்றன. விமானத்தில் தலைக்கு மேலே வைக்கும் 55 சென்டிமீட்டர் உயரக் கணக்குக்குள் அடக்குவதே பலருக்கும் முதல் கவலை. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேவிபட்டினத்துக்கும் ஏர்வாடிக்கும் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்? முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதி உள்ள கேமரா பைகளும் உண்டு. ஷிமோடா என்ற கம்பெனி அப்படிச் செய்கிறது, பெண்களுக்குத் தனியாகத் தோள் பட்டையும் விற்கிறது. விலை மட்டும் எளிதாக இருபதாயிரத்தைத் தாண்டிவிடும்.

தோள் பட்டை விஷயத்தில் பெண்கள் படும் பாடு அதிகம். எங்களோடு காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்கு வரும் ஒரு தங்கச்சி பள்ளிக்கூட ஆசிரியை, பெரிய உடம்பு. நேராக இறங்கும் பட்டை மார்பின் மேலேயே அழுத்துகிறது, நெஞ்சுப் பட்டையைப் பூட்டினால் அது அழுத்தக் கூடாத இடத்திலேயே வந்து உட்காருகிறது என்று சொல்வார். அவருக்கு வழி கொடுத்தது வளைந்து இறங்கும் பட்டை. மார்பைச் சுற்றிப் பக்கவாட்டில் போய்விடும். நெஞ்சுப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தும் தண்டவாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினார், காறையெலும்புக்குச் சற்றுக் கீழே பூட்டுகிறார், இப்போது மூச்சு விட முடிகிறது. ஆண்களும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டையின் பஞ்சுப் பகுதி அக்குளைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பஞ்சு அக்குளிலேயே முடிந்து நாடா தொடங்கினால், பருத்த கையின் உள்பக்கம் அதில் உரசி உரசிப் புண்ணாகிவிடும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் புண் ஆற நாளாகும்.

இத்தனைக்கும் பிறகு என் தீர்மானமான கருத்து, இடுப்பெலும்பில் அளந்து 44 அங்குலத்துக்கு மேல் உள்ளவர்கள் கேமரா பைக் கடைக்கே போக வேண்டியதில்லை. மலையேற்றப் பை வாங்குங்கள். அதற்குள் கேமரா வைக்கும் பஞ்சுப் பெட்டி, இன்சர்ட் என்பார்கள், அதைத் தனியாக வாங்கி வையுங்கள். மலையேற்றப் பைக்காரர்கள் இந்த விஷயத்தில் முன்னால் போய்விட்டார்கள். கிரிகரி 2021இல் பெரிய உடம்புக்கென்றே தனி வரிசை கொண்டுவந்தது. நாடாவை மட்டும் நீட்டாமல் இடுப்புப் பஞ்சையும் தோள் பட்டையையும் சேர்த்து நீட்டியிருக்கிறார்கள். ஆஸ்ப்ரேயும் அப்படிச் சில பைகள் செய்கிறது. குறையும் உண்டு. பல மலையேற்றப் பைகள் மேல்வாய் மட்டும் திறப்பவை, லென்ஸ் மாற்ற நேரம் பிடிக்கும். நடக்கும்போது நீள லென்ஸ் கையில்தானே இருக்கிறது, எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் ஓடி ஓடி லென்ஸ் மாற்றுபவருக்கு இது ஒத்து வராது. அங்கே பாரத்தைச் சுமந்து நடக்கும் தூரமும் குறைவு.

அவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. பை தைப்பவரிடம் போங்கள். நான் போகும் கடையில் இருக்கும் பாய் பழைய பெல்ட்டைப் பையிலிருந்து பிரித்து, பஞ்சுப் பகுதியை இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் நீட்டி, அதே தடிமனில் கெட்டிப் பஞ்சு வைத்து, மேலே கித்தான் போட்டுத் தைத்துக் கொடுத்தார். "நாடா மட்டும் நீட்டினா போதும்னு வர்றாங்க தம்பி, அது சதையை அறுக்கும், பஞ்சையும் சேர்த்து நீட்டணும்" என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். நாடா ஒன்றரை அங்குலமாவது அகலம் வேண்டும் என்று கேளுங்கள். பெல்ட் பையில் சேரும் இடத்தில் பெட்டித் தையல், அதாவது சதுரமாகத் தைத்து நடுவே குறுக்காகவும் தைப்பது, போடச் சொல்லுங்கள், வெறும் நேர்த் தையல் 10 கிலோவுக்கு நிற்காது.

மணலையும் சொல்லியாக வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது கடற்கரையில் பையைத் திறந்தாலே மணல் உள்ளே போய்விடும். முதுகுப் பக்கம் திறக்கும் பைகளில் ஒரு நன்மை, முன்பக்கத்தை மணலில் கிடத்தினால் முதுகில் படும் பக்கம் சுத்தமாக இருக்கும். அந்த வகையில் சிலதைப் பெல்ட்டைக் கழற்றாமலேயே வயிற்றுப் பக்கம் சுழற்றித் திறக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்குப் பெல்ட்டில் தளர்த்த இடம் வேண்டும். கடைசித் துளி வரை நாடாவை இழுத்துப் பூட்டுகிறவருக்கு அது சுழலாது. பூட்டிய பிறகும் ஒரு கை அகலம் நாடா மிச்சம் இருந்தால்தான் அந்தப் பெல்ட் உங்களுக்கு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் ஜிப் சீக்கிரம் இறுகும். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டையும் பட்டைகளையும் ஜிப்பையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயப் போடுங்கள். வியர்வை உப்பு தங்கிய பெல்ட் அடுத்த நாள் தோலைச் சுரண்டும்.

பையைத் தரையிலிருந்து குனிந்து தூக்கி மாட்டாதீர்கள். பைக் சீட்டில், படகு விளிம்பில், திண்ணையில் வைத்து, திரும்பி நின்று மாட்டி, முதலில் இடுப்பு பெல்ட், பிறகு தோள், கடைசியாக நெஞ்சு என்று பூட்டுங்கள். வாங்கிய அன்றே ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றும் உள்ளே வைத்து, வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் நடந்து பாருங்கள். விலைச்சீட்டைப் பிய்க்காமல் வைத்திருந்தால் திருப்பிக் கொடுக்கவும் வசதி.

பெரிய உடம்பு உள்ள நண்பர்கள் கமெண்டில் எழுதுங்கள். இடுப்பெலும்பில் எத்தனை அங்குலம், முதுகு நீளம் எவ்வளவு, என்ன பை, பெல்ட் பூட்டிய பிறகு எத்தனை அங்குலம் நாடா மிச்சம். பெண்கள் நெஞ்சுப் பட்டை எங்கே உட்காருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து ஒரே பதிவாகப் போடுகிறேன், கடைக்குப் போகுமுன் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும். என் பங்குக்கு: 48 அங்குலம், முதுகு 18, பாய் நீட்டிக் கொடுத்த பெல்ட், மிச்சம் ஐந்து அங்குலம்.