கட்சிக்காரர் யார்?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அரசாங்க வக்கீல்களைப் பற்றிய அந்த டிவி விவாத நிகழ்ச்சித் துண்டை ஆளாளுக்குப் பகிர்ந்து, நெருப்பும் கைதட்டலும் வைத்துக் கொண்டாடுகிறீர்கள், சரி, கொண்டாடுங்கள் என்று விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவிலும் அது வந்தது. "உங்க அப்பா கோர்ட்டு ஆளாச்சே, நீ என்ன சொல்றே?" என்று ஒருவன் என்னை இழுத்தும் விட்டான். அதோடு தூக்கம் போயிற்று.

பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்: "அரசாங்க வக்கீல்னா டாக்ஸி டிரைவர் மாதிரி சார். ஏறி உட்கார்ந்தவர் எங்க போகச் சொல்றாரோ அங்க போகணும். அவர்கிட்ட நியாயம் பேச முடியுமா?"

சொன்னவர் முப்பது வருஷம் கறுப்பு அங்கி போட்டவர். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நெறியாளர் "சூப்பரா சொன்னீங்க" என்றார். பேச்சு யாரைப் பற்றி? மத்திய அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலைப் பற்றி, மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரலைப் பற்றி. இரண்டு பேருக்கும் சுருக்கம் ஏ.ஜி.தான். அரசியலமைப்புச் சட்டத்தில் தனிப் பிரிவு போட்டு உருவாக்கிய பதவிகள். ஒன்றுக்கு 76, இன்னொன்றுக்கு 165. டாக்ஸி டிரைவருக்கு எந்தப் பிரிவு சார்?

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. வழக்கு கொடுத்தவரும் கட்சிக்காரர், கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர். அப்பா வக்கீல் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணை நிறைய ஆட்கள் இருப்பார்கள். "கட்சிக்காரங்க வந்திருக்காங்க, தண்ணி கொண்டாடா" என்பார். நான் செம்போடு போய் ஒவ்வொருவர் வேட்டிக்கரையையும் பார்ப்பேன், எந்தக் கட்சி என்று. ஏழு வயதுப் பையனுக்கு வந்த அதே குழப்பம்தான் இன்றைக்கு டிவியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. ஏ.ஜி.யின் கட்சிக்காரர் அரசு. ஆட்சியில் இருக்கும் கட்சிக்காரர் வேறு, கோர்ட்டில் கட்சிக்காரராக நிற்கும் அரசு வேறு. இதைத்தான் நேற்று ராத்திரி அந்தத் துண்டின் கீழே ஒரே வரியில் எழுதினேன். அதற்கு வந்த பதில்களைப் படித்திருப்பீர்கள். நன்றி.

அட்டர்னி ஜெனரலை நியமிப்பது ஜனாதிபதி. சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஆகும் தகுதி அவருக்கு இருக்க வேண்டும். நாட்டில் எந்தக் கோர்ட்டிலும் எழுந்து நின்று பேச உரிமை உண்டு. நாடாளுமன்றத்தில்கூடப் பேசலாம், ஓட்டு மட்டும் கிடையாது. இவ்வளவையும் ஒருவருக்குக் கொடுத்தது, மந்திரி எழுதிக் கொடுத்ததை வாசிக்கவா? அதற்கு நல்ல குரல் உள்ள ஆள் போதுமே. இவருடைய முதல் வேலையே சட்ட ஆலோசனை. ஆலோசனை என்றால் சில நாள் "வேண்டாம்" என்றும் வரும். வராவிட்டால் அதற்குப் பெயர் ஆமாம்சாமி.

"புத்தகத்துல நல்லாத்தான் இருக்கும், நடைமுறையில யாரு செஞ்சா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். முதல் ஆளே செய்தார். எம்.சி. செதல்வாட், 1950லிருந்து 1963 வரை 13 வருஷம் அட்டர்னி ஜெனரல். எல்.ஐ.சி. பணம் ஒன்றேகால் கோடி ரூபாய் போல முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போய் விழுந்தது. நாடாளுமன்றத்தில் அதைக் கிளப்பியது பெரோஸ் காந்தி, பிரதமரின் சொந்த மருமகன். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அந்தக் கமிஷனுக்கு உதவியாக நின்று சாட்சிகளைக் கேள்வி கேட்டவர் செதல்வாட். நிதியமைச்சர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பினார். செதல்வாட் அதற்கு அப்புறமும் ஐந்து வருஷம் அதே பதவியில் இருந்தார். நேரு அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. டாக்ஸியில் ஏறியவரையே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்ட டிரைவர், வண்டியும் அவரிடமே இருந்தது.

"அது நேரு காலம்" என்பீர்கள். அதற்கும் முந்தி போகலாமா? மெட்ராஸ் அட்வகேட் ஜெனரல் நாற்காலி வெள்ளைக்காரர்களுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் பாஷ்யம் ஐயங்கார் அதில் உட்கார்ந்த முதல் இந்தியர் ஆனார். அதே நாற்காலிக்கு 1916இல் வந்த எஸ். சீனிவாச ஐயங்கார் 1920இல் பதவியை உதறினார், பிரிட்டிஷ் அரசு கொடுத்த சி.ஐ.இ. பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார். 1926இல் குவாஹாட்டி காங்கிரசுக்குத் தலைவர். சம்பளம் கொடுத்தவன் பிரிட்டிஷ்காரன், ஞாபகம் இருக்கட்டும். அவனிடமே "போதும்" என்று சொல்ல முடிந்திருக்கிறது.

சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது, அதையும் ஏன் மறைக்க வேண்டும். அவசரநிலைக் காலம். காரணம் சொல்லாமல் உள்ளே தள்ளப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்கள் சுப்ரீம் கோர்ட்டில். அரசுக்காக நின்றவர் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவனைக் கொன்றால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். அவசரநிலை இருக்கும்வரை கிடையாது என்றார் டே. உங்கள் மனசாட்சியை உலுக்கலாம், என்னுடையதையும்தான் உலுக்குகிறது, ஆனாலும் கிடையாது, அதுதான் வாதம். மனசாட்சி உலுங்கியது, ஆள் நகரவில்லை. 1976 ஏப்ரலில் நாலுக்கு ஒன்று என்று தீர்ப்பு வந்தது. அந்த ஒன்று கன்னா. அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி கை நழுவிப் போனது. அந்தத் தீர்ப்பு தப்பு என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்ல 2017 ஆயிற்று.

அதே அரசில் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக, அதாவது அட்டர்னி ஜெனரலுக்குக் கீழ் வரிசையில் உள்ள அரசு வக்கீலாக, இருந்த ஃபாலி நாரிமன், அவசரநிலை வந்த அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரே வண்டி, ஒரே பாதை, ஒருவர் இறங்கினார். ஆக, இறங்க முடியும். முடியாது என்று சொல்லாதீர்கள்.

இனி என் கதை. வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் "உனக்கு என்ன தெரியும், நீ வக்கீலா?" என்று கேட்டுவிட்டீர்கள். வக்கீல் இல்லை ஐயா. வக்கீல் குமாஸ்தாவின் மகன். அதோடு, அரசாங்கத்தை எதிர்த்து வழக்கு நடத்திய வீட்டில் வளர்ந்தவன்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்கு வெளியே ரோடு போட எங்கள் 42 சென்ட் நிலத்தை எடுத்தார்கள். சென்ட்டுக்கு நஷ்டஈடாக அவார்டு போட்ட தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்கு ஒரு சைக்கிள்கூட வராது. சப் கோர்ட்டுக்குப் போய் அதை ஐந்து மடங்கு ஆக்கினோம். பக்கத்து நிலத்துக் கிரயப் பத்திரங்கள் எல்லாம் தாக்கல் ஆகியிருந்தன, தீர்ப்பில் ஓட்டை இல்லை. அரசுத் தரப்பில் நின்ற வக்கீல் அப்பாவுக்கு இருபது வருஷப் பழக்கம். தீர்ப்பு வந்த அன்றைக்கு வராந்தாவில் அப்பாவின் தோளில் கை போட்டு, "நியாயமான தீர்ப்புய்யா, சந்தோஷம்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் வெற்றிலை போட்டிருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

நாலு மாதத்தில் மேல் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ். அரசு அப்பீல். இந்த மாதிரி அப்பீலுக்கு முன்னால் அரசு வக்கீலின் கருத்தைக் கேட்பார்கள். அப்பா எப்படியோ அந்தத் தாளைப் பார்த்துவிட்டார், எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. ஒரே வரி: மேல்முறையீட்டுக்கு உகந்த வழக்கு. கையெழுத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை, அந்த எழுத்தை அப்பா இருபது வருஷமாகப் படித்துப் படித்து டைப் அடிக்கக் கொடுத்தவர்.

கேட்டதற்கு அந்த அரசு வக்கீல் சொன்னது இதுதான்: "வேண்டாம்னு எழுதினா, ஏன் வேண்டாங்கறேன்னு என்னைக் கேப்பாங்க. வேணும்னு எழுதினா யாரும் கேக்க மாட்டாங்க."

பதினோரு வருஷம். வாய்தா, வாய்தா, கட்டு வரவில்லை, புது அரசு வக்கீல் வந்திருக்கிறார், வாய்தா. கடைசியில் அப்பீல் தள்ளுபடி. அப்பா அதற்கு எட்டு மாதம் முன்னால் போய்விட்டார்.

சரி, பரிதாபம் வேண்டாம், கணக்கைப் பாருங்கள். அன்றைக்கு இருந்த 1894ஆம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, கோர்ட் கூட்டிக் கொடுக்கும் தொகைக்கு, நிலம் சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து முதல் வருஷம் 9 சதவீதம் வட்டி, அதற்கு அப்புறம் 15 சதவீதம். அந்தப் பதினோரு வருஷமும் 15 சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது. யார் வீட்டுப் பணம்? "வேண்டாம்" என்று ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம். அரசுக்கு விசுவாசமாக இருந்தாராம். இந்த விசுவாசத்தால் அரசுக்கு நஷ்டம், எங்களுக்கு நஷ்டம், லாபம் எவருக்கென்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

"ஏ.ஜி. வேற, ஜில்லா கோர்ட்டுல அரசுக்கு நிக்கற ஜி.பி. வேற, ரெண்டையும் குழப்பறே" என்று இப்போதே யாரோ டைப் அடித்துக்கொண்டிருப்பீர்கள். தெரியும். ஆனால் உச்சியில் இருப்பவரை டாக்ஸி டிரைவர் என்று டிவியில் கைதட்டிச் சொன்னால், கீழே கோப்போடு உட்கார்ந்திருப்பவருக்கு "வேண்டாம்" என்று எழுதக் கை எப்படி வரும்?

ஒரு சட்டக் கல்லூரித் தங்கை மட்டும் ஒழுங்காகக் கேட்டிருந்தார். மக்கள் ஓட்டுப் போட்டது மந்திரிக்கு, ஏ.ஜி.க்கு இல்லை, ஓட்டு வாங்காத ஒருவர் ஓட்டு வாங்கியவரைத் தடுப்பது என்ன ஜனநாயகம் என்று. நல்ல கேள்விம்மா. தடுக்கச் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும், மந்திரி கேட்காவிட்டால் போகட்டும், அதற்கு மந்திரி பதில் சொல்லிக்கொள்ளட்டும். ஜனாதிபதி விரும்பும்வரைதான் பதவி என்றிருக்கும்போது எந்த தைரியத்தில் சொல்வார் என்றும் கேட்டீர்கள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. செதல்வாடுக்கும் அதே பிரிவுதான் இருந்தது, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"அவங்க ஆட்சியில நடந்தப்ப எங்கே போயிருந்தே?" கோஷ்டிக்குப் பதில் கிடையாது. எங்கள் அப்பீல் ஓடிய பதினோரு வருஷத்தில் ஆட்சி மாறியது, அரசு வக்கீல்கள் கூண்டோடு மாறினார்கள், வாய்தா மட்டும் மாறவில்லை. நான் யாருக்கும் கட்சிக்காரன் இல்லை, இரண்டு அர்த்தத்திலும்.

இன்னொன்று. சிவில் நடைமுறைச் சட்டம் 91ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஊருக்கே தொல்லையான விஷயம் என்றால், தனக்கு ஒரு நஷ்டமும் இல்லாவிட்டாலும் அட்வகேட் ஜெனரல் தானே வழக்குப் போடலாம். மந்திரி ஏறி உட்காரவே வேண்டாம், வண்டியை அவரே எடுக்கலாம். அந்த விவாதத்தில் நாலு பேரில் ஒருத்தர் இதைச் சொன்னாரா?

கடைசியாக, அந்த உதாரணத்தைத் தூக்கிக்கொண்டு கமென்ட்டுக்கு வராதீர்கள். என் மச்சான் இருபது வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறார். நேற்று ராத்திரி அவருக்கும் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். "ஒன்வேல போகச் சொன்னா நான் போவேனா மாப்ள? லைசென்ஸ் என் பேர்லதானே இருக்கு" என்றார், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.