அந்தப் பலகைப் படத்தை நான் நீக்கப்போவதில்லை

ஞாயிற்றுக்கிழமை நியூயார்க் சென்ட்ரல் பார்க் பிக்னிக் படங்களுக்கு நடுவே நம் குழுவில் நான் ஒரு பலகைப் படம் போட்டேன்; அந்தப் பூங்காவுக்காகக் காலி செய்யப்பட்ட செனெகா கிராமத்தைப் பற்றிய பலகை அது. அதற்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஆக்கிரமித்துக் குடிசை போட்டவர்களைக் காலி செய்து உலகமே மெச்சும் பூங்கா கட்டினார்கள், இதில் ஒப்பாரி வைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்ட தம்பிக்கு விருப்பக்குறிகள் குவிந்துவிட்டன. அன்று மதியம் நான் கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டவர்களும் அதில் உண்டு. போகட்டும்.

தம்பி, அது ஆக்கிரமிப்பு இல்லை. விலை கொடுத்து வாங்கிய நிலம். 1825-இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற இருபத்தைந்து வயதுக் கறுப்பின இளைஞர், ஊரார் காலணிக்கு மெருகு போட்டுப் பிழைத்தவர், 125 டாலர் கொடுத்து மூன்று மனை வாங்கினார். எபிஃபனி டேவிஸ் என்ற கடைச் சிப்பந்தி 578 டாலருக்குப் பன்னிரண்டு மனை வாங்கினார். கறுப்பினத்தாரின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் (ஏ.எம்.ஈ.) சயான் திருச்சபை ஆறு மனை வாங்கியது. நியூயார்க்கில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1827-இல். அதற்கும் முன்பே கிரயப் பத்திரம் வைத்திருந்தவர்களைத்தான் நீங்கள் குடிசைக்காரர்கள் என்கிறீர்கள். அன்றைய பத்திரிகைகளும் இதையேதான் எழுதின. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகியும் வசனம் மாறவில்லை.

அந்த ஊர்தான் செனெகா கிராமம். இன்றைய மேற்கு 82-ஆம் தெருவுக்கும் 89-ஆம் தெருவுக்கும் இடையில் இருந்தது. 1855 கணக்கெடுப்பில் சுமார் 225 பேர்; மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தார், மற்றவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டங்கள். ஆல் ஏஞ்சல்ஸ் தேவாலயத்தில் இரு நிறத்தாரும் சேர்ந்தே தொழுதார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில்!

"நஷ்டஈடு கொடுத்தார்களே?" கொடுத்தார்கள், மறுக்கவில்லை. வில்லியம்ஸ் கேட்டது 3,500 டாலர், கிடைத்தது 2,335. கணக்கில் லாபம்தானே என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார், நன்றி. ஆனால் கறுப்பின ஆண் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் பெறுமானச் சொத்து வேண்டும் என்றது அன்றைய மாநிலச் சட்டம். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே நிலம் போனால் ஓட்டும் போகும். அதற்கு எந்தப் பத்தியில் நஷ்டஈடு எழுதினார்கள்? 1857-இல் ஊரே காலி.

"அப்படியானால் பூங்காவே வேண்டாம் என்கிறீர்களா?" நான் எப்போது சொன்னேன்? என் மகள் சைக்கிள் பழகியதே அங்கேதான். அடுத்த கேள்வி.

செத்தவர்கள் எங்கே என்பதுதான் என் கேள்வி. 1871-இல், 85-ஆம் தெரு வாசல் அருகே மரம் பிடுங்கிய வேலையாட்கள் மண்ணுக்கடியில் இரண்டு சவப்பெட்டிகளைக் கண்டார்கள். ஒன்றில் பதினாறு வயது ஐரிஷ் பெண், மற்றொன்றில் கறுப்பினத்தார் ஒருவர். இவை இங்கே எப்படி வந்தன என்று ஒரு பத்திரிகை வியந்தது. ஊரைக் காலி செய்து பதினான்கே வருடம், அதற்குள் வியப்பு! 2011-இல் அகழாய்வு செய்தவர்கள் மட்டும் கல்லறைகள் இருந்திருக்கக்கூடிய இடங்களைத் தவிர்த்துவிட்டுத் தோண்டினார்கள். அவர்களுக்கு இரும்புக் கெண்டி கிடைத்தது, பீங்கான் ஓடு கிடைத்தது, ஒரு குழந்தையின் காலணியுடைய தோல் அடிப்பாகம் கிடைத்தது. கீழடிப் பானை ஓட்டுக்கு நெஞ்சு விம்மி நீள நீளமாக எழுதியவர்தான் இந்தத் தம்பி. அந்த ஓடு ஓடு, இந்த ஓடு குப்பையா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் புறவழிச்சாலைக்கு நிலம் எடுத்தபோது தென்னை ஒவ்வொன்றுக்கும் விலை போட்டார்கள். கிணற்றுக்கும் மோட்டார் அறைக்கும் போட்டார்கள். வரப்போரம் இருந்த தாத்தாவின் சமாதியை "செங்கல் கட்டுமானம்" என்று எழுதி, பக்கத்தில் சதுர அடி போட்டிருந்தார்கள். அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "உன் தாத்தா இத்தனை சதுர அடியாம்" என்றார். ஆடி அமாவாசைக்கு இப்போது எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான்குவழிச் சாலையின் நடுவிலா? அன்றும் உறவினர் ஒருவர் "ஊருக்கு நல்லதுதானே" என்றார். அவருடைய நிலம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மறு வருடமே மனை போட்டு விற்றார்.

ஊருக்கு நல்லது என்று எப்போதும் சொல்பவர் நிலம் போகாதவர்தான். விசா தாமதமானால் "எங்கள் உழைப்பை இந்த நாடு மதிக்கவில்லை" என்று இங்கே பொருமுகிறீர்கள், நானும் பொருமியிருக்கிறேன். உழைத்துச் சேர்த்த காசில் நிலம் வாங்கி, ஓட்டுரிமை பெற்று, பிள்ளைகளைப் படிக்கவைத்து, செத்தவர்களை அங்கேயே புதைத்தவர்களைப் பற்றி ஒரு பலகைப் படம் போட்டால் மட்டும் "நமக்கு எதற்கு அவர்கள் கதை" என்றாகிவிடுகிறது. "அவர்கள்" என்று எழுதிய தொனியை நான் கவனிக்காமல் இல்லை. நம் வீட்டுக் கூடங்களில் கறுப்பினத்தாரைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"குழந்தைகள் பார்க்கும் ஆல்பம், அந்தப் பலகைப் படத்தை எடுத்துவிடு" என்று தனிச்செய்தியில் எழுதிய அண்ணனுக்கு: எடுக்க மாட்டேன். அந்தப் பலகையையே 2001-இல்தான் வைத்தார்கள், அதையும் நான் மறைக்க வேண்டுமா? வேண்டுமானால் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த பிக்னிக்குக்குப் புளியோதரையை வேறு யாராவது கட்டிக்கொண்டு வரட்டும்.