வருமானக் கணக்கைக் கேட்டால் பொறாமைக்காரனா?

இணைய மார்க்கெட்டிங்கில் சம்பாதிப்பது எப்படி என்று வகுப்பு விற்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நடத்திய நேரலையில், அவர் காட்டிய வருமானத்துக்குக் கணக்குக் கேட்டேன்; பொறாமைக்காரன் என்று பெயர் வாங்கினேன். உங்களில் பலர் அதில் இருந்தீர்கள். என் கேள்வி நீக்கப்பட்டதையும், அடுத்த நிமிடமே ‘எதிர்மறை மனிதர்களை விலக்கி வையுங்கள்’ என்று உபதேசம் தொடங்கியதையும் பார்த்தீர்கள். அந்த உபதேசத்துக்கு இதயக் குறிகளைப் பறக்கவிட்டவர்களில் என் நண்பர்களும் சிலர் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். திரையில் காட்டப்படும் வருமானத்தில் பொருளை விற்றுக் கிடைத்தது எவ்வளவு, இந்த வகுப்பை விற்றுக் கிடைத்தது எவ்வளவு? இதில் வசை எங்கே இருக்கிறது, பொறாமை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இணைய மார்க்கெட்டிங்கில் பணம் சம்பாதிப்பதன் அடிப்படையைக் கற்றுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அந்த அடிப்படையின் முதல் வரியே இதுதான்: பணத்தை யார் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார், செலவு போக என்ன மிஞ்சுகிறது.

இரண்டு மணி நேரம் ஓடிய அந்த நேரலையில் அஃபிலியேட் (பிறர் பொருளை நம் இணைப்பு வழியாக விற்றுக் கமிஷன் பெறுவது), ஃபனல் (பார்ப்பவரைப் படிப்படியாக வாங்குபவராக்கும் பாதை), பேசிவ் இன்கம் (உழைக்காத நேரத்திலும் வரும் வருமானம்) என்று எல்லாச் சொற்களும் வந்தன. கணக்கு மட்டும் வரவில்லை. ஆகவே கணக்கை நானே போடுகிறேன். எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிக்குக்கு 5 கொடுத்து விளம்பரம் போடுகிறீர்கள். நூறு பேர் வந்தால் செலவு 500. அவர்களில் இரண்டு பேர் வாங்குகிறார்கள், ஒரு விற்பனைக்கு உங்கள் கமிஷன் 200 என்றால் வரவு 400. வரவைக் காட்டும் உங்கள் டாஷ்போர்டு பக்கத்தில் 400 என்று பச்சை நிறத்தில் மின்னும். பையில் 100 குறைந்திருக்கும். அந்த 400-ஐ மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அதில் உண்மையும் இல்லை. இரண்டு பேருக்குப் பதிலாக மூன்று பேர் வாங்கினால் அதே விளம்பரம் 100 லாபம் தரும். அந்த மூன்றாவது ஆளை எப்படி வாங்க வைப்பது, அல்லது கிளிக்கின் விலையை 5-லிருந்து 3-க்கு எப்படி இறக்குவது என்பதுதான் தொழில்.

கிளிக்கின் விலை எங்கிருந்து வருகிறது என்பதையும் யாரும் சொல்வதில்லை. கூகுள் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. 2002-லேயே, ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தருவோம் என்று விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கும் முறைக்கு மாறியது. அந்த ஏலத்தில் அதிகம் கேட்டவர்தான் மேலே வருவார் என்றில்லை; கூகுளில் தேடியவருக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, கிளிக் செய்தபின் வந்து சேரும் பக்கம் எவ்வளவு உதவுகிறது என்பதும் சேர்ந்தே இடத்தைத் தீர்மானிக்கிறது. குறைவாகக் கேட்டவர் மேலே நிற்பதும், நிறையக் கேட்டவர் கீழே கிடப்பதும் அன்றாடம் நடக்கிறது. ஒரு புதியவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி என்ன இருக்கிறது? அந்த இடத்தில்தான் நேரலை நடத்தியவர் தன் காலை நேரப் பழக்கங்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

அஃபிலியேட் ஏமாற்று என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அமேசான் 1996-இலிருந்து நடத்தும் திட்டம் அது. எத்தனையோ பேர் அதில் நேர்மையாகச் சம்பாதிக்கிறார்கள். நானும் முக்காலிகளைப் பற்றி, கேமராவைத் தாங்கும் முக்காலிகளைச் சொல்கிறேன், ஒரு சிறு தளம் நடத்தியிருக்கிறேன். அங்கே எனக்கு வந்த முதல் கமிஷன் முக்காலிக்கு வந்ததில்லை. என் இணைப்பு வழியாகப் போனவர் அதே நாளில் வாங்கிய ஏதோ ஒரு குடைக்கு வந்தது. சிரிப்பாக இருந்தாலும், இணைப்பைத் தொட்டவரின் உலாவியில் பதியும் குக்கீ, அதாவது அவர் யார் வழியாக வந்தார் என்று குறித்துவைக்கும் சிறு கோப்பு, எவ்வளவு நேரம் செல்லும், எதற்கெல்லாம் செல்லும் என்பதை அந்தக் குடைதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. விதிமுறைப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: கமிஷன் விகிதம் நம் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமேசான் தன் அமெரிக்கத் திட்டத்தில் வீட்டுச் சாமான், மரச் சாமான் பிரிவுகளுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. தூங்கும்போதும் பணம் வரும் என்கிறார்களே, தூங்கி எழுந்தால் வருமானத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும் என்பதும் அதே தொழில்தான்.

‘நீங்கள் வெற்றி பெறவில்லை, அதனால் பேசுகிறீர்கள்’ என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். சரி, அப்படியே இருக்கட்டும். என் வெற்றி தோல்வியால் 500-இலிருந்து 400-ஐக் கழித்தால் வரும் விடை மாறிவிடுமா?

‘கற்றுக் கொடுப்பவர் கட்டணம் வாங்கக் கூடாதா’ என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தாராளமாக வாங்கலாம். நல்ல ஆசிரியருக்குக் கொடுத்த பணம் வீண் போவதில்லை. ஆனால் வகுப்பில் வந்த வருமானத்தை வகுப்பில் சொல்லித்தரும் தொழிலில் வந்த வருமானமாகக் காட்டுவது கட்டணம் வாங்குவதில் சேராது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2021 அக்டோபரில், பணம் சம்பாதிக்க வழி காட்டுவதாகச் சொல்லும் 1,100-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, வருமானத்தைப் பற்றிப் பொய்யான வாக்குறுதி தந்தால் அபராதம் விழும் என்று அறிவிப்பு அனுப்பியது. அந்த ஆணையமும் எதிர்மறை மனிதர்களின் கூட்டம்தான் போலும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். என் சித்தி மகன் இப்படி ஒரு வகுப்பில், வேறு ஒருவர் நடத்தியதில், சேர்ந்தான். முதல் நிலை முடிந்ததும் உண்மையான ரகசியம் இரண்டாம் நிலையில்தான் இருக்கிறது என்றார்கள், அதற்கும் கட்டினான். அங்கே அவனுக்குச் சொல்லித் தரப்பட்ட ரகசியம், அதே வகுப்பை இன்னொருவருக்கு விற்றால் கமிஷன் உண்டு என்பது. விற்க மனம் வரவில்லை என்று அவன் சொன்னபோது, உன்னிடம் வெற்றியாளரின் மனநிலை இல்லை என்றார்கள். ஒரு பொருள், ஒரு வாடிக்கையாளர், ஒரு விளம்பரம் எதையும் பார்க்காமலே வெளியே வந்த அவன், இந்தத் துறையே தனக்கு வராது என்று இன்றும் நம்புகிறான். அழகாக எழுதுவான், பொறுமையாகத் தேடிப் படிப்பான். இந்த வேலைக்கு வேண்டிய இரண்டும் அவனிடம் இருந்தன. பணம் போனதைவிட இதுதான் என்னை உறுத்துகிறது. ஞாயிறு நேரலையில் வரிசையாக ‘சேர்ந்துவிட்டேன்’ என்று எழுதிக்கொண்டிருந்த பெயர்களைப் பார்த்தபோது எனக்கு அவன் முகம்தான் தெரிந்தது. அதற்குப் பெயர் பொறாமை என்றால், வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ‘அப்படியானால் நீங்களே ஒரு வகுப்பு நடத்துங்களேன்’ என்கிறவர்களுக்கு: நடத்த மாட்டேன். ஏலம் எப்படி நடக்கிறது, செலவையும் விற்பனையையும் எப்படி அளப்பது, வாடிக்கையாளரின் சம்மதத்தோடு மின்னஞ்சல் பட்டியலை எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் கூகுளின் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி என்ற இணையப் பயிற்சித் தளங்களில் காசு வாங்காமல் சொல்லித் தரப்படுகிறது. சலிப்பூட்டும் பாடங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். காரின் மேல் சாய்ந்து நின்றபடி யாரும் அங்கே உங்களைச் சகோதரா என்று அழைக்க மாட்டார்கள்.